கல்லாப்பெட்டியிலிருந்து கண் மருத்துவமனைக்கு

வைஃபை முதன்முதலில் தேவைப்பட்டது கல்லாப்பெட்டிகளுக்குத்தான். 1980-களில் அமெரிக்காவின் பெரிய துணிக்கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் பில் போடும் இயந்திரங்கள் கேபிள் வழியாக ஒரு மையக் கணினியோடு இணைந்திருந்தன. கடைக்காரர்களோ பண்டிகைக்கு ஒரு முறை, பருவத்துக்கு ஒரு முறை என்று கடையின் அமைப்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள். ஒவ்வொரு முறையும் கல்லாவை நகர்த்துவதற்காகத் தரையைப் பெயர்த்தோ கூரையைப் பிரித்தோ கேபிளை மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. நூறு ஆண்டுகளாகக் கல்லாப்பெட்டி விற்றுவந்த என்.சி.ஆர். நிறுவனம் அந்தக் கேபிளை ஒழிக்க ஒரு வழி தேடியது. இன்று நம் வீட்டிலும் அலுவலகத்திலும் மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் வம்சம் அந்தத் தேடலில்தான் தொடங்குகிறது.

அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று எங்காவது பொறுப்பில் இருந்து, வைஃபைக்கான கொட்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியவர்களை நினைத்தே இந்த வரலாற்றை எழுதுகிறேன். அவர்களில் பலர் பொறியியல் படித்தவர்கள் அல்ல. படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் டூயல் பேண்ட், மெகாபிட், கவரேஜ் என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும் காகிதம் முன்னால் வரும்போது, எதைக் கேட்பது என்று தெரியாமல் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்க்கும்படி ஆகிவிடுகிறது. வைஃபை எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர்களில் அடிபட்டு வளர்ந்தது என்று தெரிந்தால், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது தானாகவே விளங்கும் என்று நம்புகிறேன். அதன் குணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த இடம் இருக்கிறது.

ரேடியோ அலையில் எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் அந்நாளில் அரசின் உரிமம் வேண்டும். வானொலி நிலையத்துக்கு ஒரு துண்டு, காவல்துறைக்கு ஒரு துண்டு, விமானங்களுக்கு ஒரு துண்டு என்று அலைவரிசைகள் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு துணிக்கடையும் தன் கல்லாவுக்காக உரிமம் வாங்க அலைவது நடக்கிற காரியமா? இந்தச் சிக்கலைத் தீர்த்தது கடைகளைப் பற்றிச் சிறிதும் நினைக்காத ஒரு அரசு முடிவு. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையத்தில் பணியாற்றிய மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர், சில அலைவரிசைகளை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று சில ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருந்தார். 1985 மே மாதம் ஆணையம் அதை ஏற்றது. 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒன்று, 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஒன்று, 5.8 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஒன்று என மூன்று அலைவரிசைகளில் யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் தகவல் அனுப்பலாம். சக்தி ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது, சமிக்ஞையை ஒரே புள்ளியில் குவிக்காமல் அகலமாகப் பரப்பி அனுப்ப வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

ஏன் இந்த மூன்று என்று கேட்டால், யாரும் விரும்பாத இடங்கள் என்பதே பதில். 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச ரேடியோ மாநாட்டில், தொழிற்சாலைகளிலும் மருத்துவத்திலும் அலைகளைக் கொண்டு சூடாக்கும் கருவிகளுக்காகச் சில பகுதிகளை ஒதுக்கினார்கள். மைக்ரோவேவ் அடுப்பு அப்போதுதான் பிறந்திருந்தது, அதற்கு 2.45 கிகாஹெர்ட்ஸ் கிடைத்தது. தண்ணீர் மூலக்கூறு அந்த அலைவெண்ணில் மட்டும் அதிர்வதால்தான் அதைத் தேர்ந்தார்கள் என்று பலரும் சொல்வார்கள், பாடப் புத்தக நடையிலேயே சொல்வார்கள், அது உண்மையல்ல. வேறு பல அலைவெண்களிலும் தண்ணீர் சூடாகும். அடுப்பின் இரைச்சல் நிறைந்த இடத்தில் தகவல்தொடர்புக்காரர்கள் யாரும் குடியேற விரும்பவில்லை என்பதுதான் விஷயம். அந்த இரைச்சல் நடுவே பேசக் கற்றுக்கொண்டதுதான் வைஃபை. அலுவலகத்தின் பேன்ட்ரியில் மதியம் சாப்பாடு சூடாகும் நேரத்தில் பக்கத்து அறையின் இணைப்பு தடுமாறினால் அதில் மர்மம் எதுவும் இல்லை. அடுப்பு அங்கே முன்னால் வந்த குடி.

உரிமம் இல்லாத அலைவரிசை என்பது ஊரின் புறம்போக்கு நிலம் மாதிரி. மாடு மேய்க்கலாம், பந்து ஆடலாம், நெல் காயவைக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் பக்கத்துக்காரர் தன் மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தால் அவரைத் தடுக்கவும் முடியாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது: உங்கள் கருவி மற்றவருக்கு இடையூறு செய்யக் கூடாது, மற்றவர் கருவியால் வரும் இடையூறை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிர்வாகி வைஃபையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது என்பேன். மாடியில் புதிதாக வந்த கம்பெனி ஆறு பெட்டிகளை மாட்டியதும் உங்கள் இணைப்பு மந்தமானால், புகார் கொடுக்க எந்த அலுவலகமும் கிடையாது. ஆகவே ஒரு நிமிடம்கூட அறுபடக் கூடாத வேலை எதுவோ, அறுவை அரங்கின் கருவியோ, பணம் எண்ணும் சர்வரோ, அதற்குக் கேபிள் போடுங்கள். கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை நேசிக்கிறவர்களே சொல்லும் அறிவுரை இது.

இரண்டாவது குணம் பிறந்தது ஹவாயில், 1971-இல்.

ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கணினி ஓவாஹு தீவில் இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் மற்றத் தீவுகளிலும் இருந்தார்கள். தொலைபேசிக் கம்பிகளுக்குச் செலவு அதிகம், தரமும் குறைவு. நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியர் ரேடியோவைக் கையில் எடுத்தார். அவருடைய அலோஹாநெட்டில் எல்லா முனையங்களும் மையக் கணினிக்குப் பேச ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டன. யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. தகவல் இருந்தால் அனுப்பு. அதே கணத்தில் இன்னொருவர் அனுப்பினால் இரண்டும் மோதிச் சிதையும். பதில் வராவிட்டால், ஒரு தற்செயலான இடைவெளி விட்டு மறுபடி அனுப்பு. இவ்வளவுதான் விதி. கேட்பதற்குக் குழந்தைத்தனமாக இருக்கிறது, ஆனால் வேலை செய்தது. அதற்குக் கொடுத்த விலையையும் ஆப்ராம்சன் கணக்குப் போட்டுக் காட்டினார்: இப்படி எல்லோரும் நினைத்த நேரத்தில் பேசினால், அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதத்தை ஒட்டித்தான் உருப்படியாகப் பயன்படும். மீதி மோதலிலும் காத்திருப்பிலும் போய்விடும்.

இதை மேம்படுத்தியவர்கள் சேர்த்தது ஒரு மரியாதை: பேசுவதற்கு முன் கேள். வெளி அமைதியாக இருந்தால் மட்டும் பேசு. ராபர்ட் மெட்காஃப் அலோஹாநெட்டைப் படித்துவிட்டு 1973-இல் ஈதர்நெட்டைக் கருக்கொண்டபோது, கம்பியில் இந்த மரியாதையோடு இன்னொன்றும் சாத்தியமாயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே மோதலைக் கண்டுபிடித்து நிறுத்த முடிந்தது. ரேடியோவில் அது கைகூடவில்லை. ஒரு கருவி அனுப்பும்போது அதன் சொந்தச் சத்தமே அதன் காதை அடைத்துவிடும். எனவே வைஃபை கூடுதல் எச்சரிக்கையோடு நடக்கிறது. முதலில் கேட்கும். அமைதி என்று தெரிந்தாலும், உடனே பாயாமல் மைக்ரோ விநாடிக் கணக்கில் தற்செயலான ஓர் இடைவெளி காத்திருக்கும். ஒரு துண்டுத் தகவலை அனுப்பும். மறுமுனை ‘வந்தது’ என்று ஒப்புகை சொல்லும். பிறகுதான் அடுத்த துண்டு. உங்கள் அலுவலகத்தில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்ப்பதாகத் தோன்றலாம். உண்மையில் ஒரு சேனலில் ஒரு கணத்தில் ஒரு கருவிதான் பேசுகிறது. மற்றவை வாய்மூடிக் காத்திருக்கின்றன.

பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்துக்கும் மேசைக்கு வந்து சேரும் வேகத்துக்கும் உள்ள இடைவெளி இங்கிருந்துதான் வருகிறது. கேட்டல், காத்திருத்தல், ஒப்புகை எல்லாவற்றுக்கும் நேரம் செலவாகிறது. 11 மெகாபிட் என்று விற்ற பழைய தலைமுறையில் கைக்குக் கிடைத்தது அதில் பாதியளவே. அந்தப் பாதியையும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இதைவிட மோசமான ஒரு விளைவை 2003-இல் பிரான்சின் கிரெனோபிளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். வைஃபை எல்லோருக்கும் சமமான முறை தருகிறது, சமமான நேரம் அல்ல. தொலைவிலோ சுவருக்குப் பின்னாலோ உட்கார்ந்து மெதுவான வேகத்தில் பேசும் ஒரே ஒரு கருவி, தன் முறை வரும்போது வெளியை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். அறையில் உள்ள வேகமான கருவிகள் எல்லாமும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். மூலையில் யாரும் கவனிக்காத பழைய பிரின்டரோ, சிக்னல் எட்டாத வாசலில் இருக்கும் கேமராவோ ஒரு மாடி முழுவதன் வேகத்தையும் இழுத்துப் பிடிப்பது உண்டு. இணையத் திட்டத்தை இருமடங்காக உயர்த்தி மாதாமாதம் பணம் கட்டினாலும் இந்த நோய் தீராது. வெளியே வரும் குழாய் வேறு, அறைக்குள் நடக்கும் பங்கீடு வேறு. ‘நெட் ஸ்லோ’ என்று யாராவது வந்து சொன்னால், கேபிளில் ஒரு மடிக்கணினியைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் வேகம் சரியாக இருந்தால் நோய் அறைக்குள் இருக்கிறது.

பெட்டிகளைக் கூட்டினால் தீருமா? ஓரளவுக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல் உண்டு. ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பவை. 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான் ஒன்றோடொன்று உரசாமல் பயன்படுத்தலாம். ஒரே மாடியில் எட்டுப் பெட்டிகளை முழுச் சக்தியில் அலறவிட்டால், எட்டும் மூன்று சேனலுக்குள் ஒருவரையொருவர் கேட்டுக் காத்துக்கிடக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், தூரம் குறைவு. நல்ல ஐடி ஆள் பெட்டிகளின் சக்தியைக் குறைத்து வைப்பதைப் பார்த்தால் அவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

இனி நெதர்லாந்துக்குப் போகலாம். உத்ரெக்ட் நகரை ஒட்டிய நியூவெகைன் என்ற சிற்றூரில் என்.சி.ஆரின் பொறியியல் மையம் இருந்தது. 1985 முடிவு தந்த சுதந்திரத்தை வைத்துக்கொண்டு அங்கிருந்தவர்கள் வேவ்லேன் என்ற கருவியை உருவாக்கி 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கருவி செய்வது பாதி வேலைதான். வேறு வேறு நிறுவனங்கள் வேறு வேறு மொழியில் பேசும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தால், ஒருவரிடம் வாங்கிய கடை வாழ்நாள் முழுவதும் அவரிடமே சிக்கிக்கிடக்கும். பொதுமொழி ஒன்று வேண்டும். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பில் 1990-இல் 802.11 என்ற எண்ணோடு ஒரு குழு கூடியது. அதற்குத் தலைமை ஏற்றவர் என்.சி.ஆரின் விக் ஹேய்ஸ். இந்தோனேசியாவின் சுரபாயாவில் பிறந்த டச்சுக்காரர். பத்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். போட்டி நிறுவனங்கள் தத்தம் முறையே தரமாக வேண்டும் என்று மல்லுக்கட்டின. 1997-இல் வெளிவந்த முதல் தரத்தில் அந்தச் சண்டையின் தழும்பு தெரிகிறது: ரேடியோவில் இரண்டு முறை, அகச்சிவப்பு ஒளியில் ஒரு முறை என்று மூன்றையும் அனுமதித்துவிட்டார்கள். வேகம் 1 அல்லது 2 மெகாபிட். 1999-இல் 11 மெகாபிட்டுக்கு உயர்ந்த 802.11பி வந்த பிறகுதான் சந்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதே ஆண்டு சில நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. கருவிகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று சோதித்துச் சான்று தருவது அதன் வேலை. வைஃபை என்ற பெயரைச் சூட்டியதும் அதுதான்.

தொழில்நுட்ப வரலாற்றில் கண்டுபிடிப்பாளர்களுக்குச் சிலை வைக்கிறோம். குழுத் தலைவர்களுக்கு வைப்பதில்லை. ஹேய்ஸைப் போன்றவர்கள் செய்தது எந்த ஆய்வகச் சாதனைக்கும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான எண்ணம். இன்று எந்தக் கம்பெனியின் போனும் எந்தக் கம்பெனியின் ரவுட்டரோடும் கேள்வி கேட்காமல் சேர்கிறதென்றால் அது பத்தாண்டு காலப் பொறுமையின் பலன்.

அதே 1999 ஜூலையில் நியூயார்க் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் மடிக்கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். கம்பி எதுவும் இல்லை என்று காட்ட அதைச் சுற்றி ஒரு வளையத்தை நுழைத்து எடுத்தார்கள். உள்ளே இருந்தது அந்த டச்சு மையத்திலிருந்து வளர்ந்த, அப்போது லூசென்ட் நிறுவனத்தின் கையில் இருந்த தொழில்நுட்பம். கார்டின் விலை 99 டாலர். கல்லாவுக்கென்று பிறந்த பொருள் அன்று வீட்டுக்குள் நுழைந்தது.

வீட்டுக்குள் வந்ததும் சுவர்களைச் சந்தித்தது. ரேடியோ அலை சுவரில், பீரோவில், கண்ணாடியில், கூரையில் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் சற்றே முன்பின்னாக வந்து சேரும். ஒரே செய்தியின் பல பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். வேகத்தைக் கூட்டக் கூட்டக் குழப்பமும் கூடும். இதற்கு வலுவான தீர்வு ஒன்று சிட்னியிலிருந்து வந்தது. ஜான் ஓசல்லிவன் என்ற ரேடியோ வானியலாளர் 1970-களில், வெடிக்கும் மிகச்சிறு கருந்துளைகளின் மெல்லிய சமிக்ஞையைத் தேடியவர். கருந்துளை அகப்படவில்லை; சிதறிக் குழம்பிய அலையைப் பிரித்துச் சீராக்கும் கணிதம் கையில் தங்கியது. ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வமைப்பில் அவரும் சகாக்கள் நால்வரும் அதை அறைக்குள் சிதறும் அலைகளுக்குப் பொருத்தினார்கள். வேகமான ஒரே ஓடையாக அனுப்பாமல், தகவலைப் பல மெதுவான இழைகளாகப் பிரித்து அடுத்தடுத்த அலைவெண்களில் ஒன்றாக அனுப்பினால், பிந்தி வரும் பிரதிகள் எந்த இழையையும் கெடுக்காது. 1992-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பின்னாளில் உலகின் பெரிய கணினி நிறுவனங்களோடு நடந்த வழக்குகளில் அந்த அமைப்புக்கு 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கிடைத்தது. வைஃபையைக் கண்டுபிடித்தது ஆஸ்திரேலியாதான் என்று அங்கே சொல்வது கொஞ்சம் அதிகம். இழைகளாகப் பிரிக்கும் யோசனை பெல் ஆய்வகத்தில் 1960-களிலேயே எழுதப்பட்டது. ஆனால் சுவர்களுக்கு நடுவே அதை வேகமாக ஓடவைத்ததில் சிட்னியின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது.

கணிதம் எதிரொலியைச் சமாளிக்கும், பலவீனத்தைச் சமாளிக்காது. ஓர் ஆக்சஸ் பாயின்ட், அதாவது நாம் பேசிவரும் பெட்டி, வெளியிடும் சக்தி ஏறத்தாழ 100 மில்லிவாட். குரல் அழைப்பு தெளிவாக நடக்க உங்கள் போனுக்கு வந்து சேர வேண்டும் என்று பொறியாளர்கள் எதிர்பார்க்கும் அளவு, அதில் ஐம்பது கோடியில் ஒரு பங்கு. அதாவது நல்ல சிக்னல் என்பதே இவ்வளவு மெல்லியது. அதிலிருந்து ஒரு கான்கிரீட் சுவரும் ஓர் இரும்பு பீரோவும் எடுத்துக்கொண்ட பிறகு என்ன மிஞ்சும்? உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் குடித்துவிடும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், காலியான அரங்கில் அளந்து பார்த்துச் சரி என்று சொன்ன இணைப்பு, ஐந்நூறு பேர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வேறு கதை சொல்லும். அழகாக இல்லை என்பதற்காகப் பெட்டியை மர அலமாரிக்குள்ளும் டிவிக்குப் பின்னாலும் மறைத்து வைப்பதை எத்தனையோ அலுவலகங்களில் பார்க்கலாம். கூரையில், திறந்த இடத்தில், ஆட்களின் தலைக்கு மேலே இருப்பதுதான் அதன் இடம். அதற்காகக் கூரை வரை கேபிள் போக வேண்டும். அதே கேபிளில் மின்சாரமும் போகும்படி செய்ய இப்போது வசதி இருக்கிறது. கட்டடம் கட்டும்போதே இதைச் சொல்லிவிட்டால் செலவு சிறிது. பால்ஸ் சீலிங் முடிந்த பிறகு சொன்னால் பெரிது. எத்தனை பெட்டி என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடும் விற்பனையாளரைவிட, கையில் கருவியோடு இடத்தைச் சுற்றி நடந்து அளந்து சொல்பவரை நம்புங்கள்.

வைஃபையின் வாழ்க்கையில் மிகப் பெரிய அவமானம், அது பிறந்த இடத்திலேயே நேர்ந்தது. கடையில்.

முதல் தரத்தோடு டபிள்யூ.இ.பி. என்ற பூட்டும் வந்தது. 2001-இல் ஃப்ளூரர், மன்டின், ஷமிர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தப் பூட்டின் உள்ளே ஒரு கணிதக் கோளாறு இருப்பதைக் காட்டினார்கள். போதுமான தகவலைக் காற்றிலிருந்து பிடித்துச் சேர்த்தால் சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். விரைவில் அதற்கான மென்பொருளும் இலவசமாகக் கிடைத்தது. 2003-இல் இடைக்காலமாக டபிள்யூ.பி.ஏ., 2004-இல் உறுதியான டபிள்யூ.பி.ஏ.2 என்று புதிய பூட்டுகள் வந்தன. ஆனாலும் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய அமெரிக்கச் சில்லறை நிறுவனத்தின் கடைகளில் பழைய பூட்டே தொங்கியது. 2005-இல் மினசோட்டாவின் செயின்ட் பால் அருகே இருந்த அதன் கடை ஒன்றின் வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு, ஆண்டெனாவும் மடிக்கணினியுமாக, விலை பார்க்கும் கைக்கருவிகளும் கல்லாப்பெட்டிகளும் கடைக் கணினியும் தமக்குள் பேசியதைத் திருடர்கள் கேட்டார்கள் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அங்கிருந்து மையக் கணினி வரை போனார்கள். 2006 டிசம்பர் வரை யாருக்கும் தெரியவில்லை. 4 கோடியே 57 லட்சம் அட்டைகளின் விவரம் போனதாக நிறுவனமே பின்னர் அறிவித்தது. பலவீனமான பூட்டை உரிய காலத்தில் மாற்றாததைக் கனடாவின் தனியுரிமை ஆணையர் 2007 அறிக்கையில் கண்டித்தார். கூட்டத்தின் தலைவனுக்கு 2010-இல் 20 ஆண்டு சிறை.

அந்தப் பூட்டை மாற்றுவது ரேடியோ பற்றிய முடிவு அல்ல. பணம் ஒதுக்கும் முடிவு, தேதி குறிக்கும் முடிவு. அதாவது மேலாளரின் முடிவு. இன்று கேட்க வேண்டியது இது: நம் பெட்டிகளில் டபிள்யூ.பி.ஏ.2-வாவது இருக்கிறதா, புதியவற்றில் 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இருக்கிறதா? டபிள்யூ.பி.ஏ.2-இலும் 2017-இல் ஒரு கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு, மென்பொருளைப் புதுப்பித்துச் சரி செய்தார்கள். எனவே புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர் கையில் பழைய பாஸ்வேர்டு இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வெளிநாட்டவர் வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகப் போனது. அவருக்கு அதில் தொடர்பில்லை. ஆனால் விசாரணை அவர் வாசலில் வந்து நின்றது. அடுத்த ஆண்டு தொலைத்தொடர்புத் துறை பொது வைஃபைப் பயனர்களை அடையாளம் காண வழி இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காபிக் கடையில் போன் எண்ணைக் கேட்டு ஓ.டி.பி. அனுப்புவது அந்த வழியில் வந்தது. விருந்தினருக்குத் தனி வலையமைப்பு கொடுங்கள். கணக்குப் பிரிவின் கணினிகள் அதிலிருந்து கண்ணுக்கே தெரியக் கூடாது.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸை எல்லோருக்கும் திறந்துவிட்ட அறிவிக்கை 2005 ஜனவரியில் வந்தது. அந்தச் சுதந்திரத்தை மிக அழகாகப் பயன்படுத்திய இடம் என்று நான் நினைப்பது தேனி.

டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனியிலும் ஒரு மருத்துவமனை நடத்துகிறது. சுற்றியுள்ள ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் கண்ணைச் சோதிப்பார்கள். தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். பேருந்துக் காசும் ஒரு நாள் கூலியும் நோயாளிக்கு மிஞ்சும். ஆனால் அந்த ஊர்களுக்கு அன்று வீடியோ தாங்கும் இணைப்பு கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய குழு, வீட்டு ரவுட்டரில் இருக்கும் அதே மலிவான வைஃபை சில்லுகளைக் கொண்டு இந்த மையங்களை இணைக்க வந்தது. கோபுரத்தின் மேல் ஒரு திசையை மட்டும் நோக்கும் ஆண்டெனா, எதிர்முனையில் இன்னொன்று, நடுவே மரமோ கட்டடமோ மறைக்காத நேர்ப்பார்வை. அலையைச் சிதறவிடாமல் ஒரு திசையில் குவித்தால் அதே சிறு சக்தி 15 கிலோமீட்டர்கூடப் போகும்.

அலை போய்ச் சேர்ந்தது, பேச்சுத்தான் நடக்கவில்லை. காரணம் ஹவாயின் மரபில் இருந்தது. ஒப்புகை சில பத்து மைக்ரோ விநாடிகளில் வந்துவிட வேண்டும் என்று வைஃபையின் விதி எதிர்பார்க்கிறது. ஒரு கடைக்குள், ஒரு வீட்டுக்குள் அது சரி. 15 கிலோமீட்டரை ஒளியின் வேகத்தில் கடக்கவே 50 மைக்ரோ விநாடி வேண்டும்; போய்த் திரும்ப 100. அதற்குள் அனுப்பியவன் செய்தி தொலைந்தது என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பத் தொடங்குவான். மறுமுனை பேசத் தொடங்கியதே இவன் காதுக்கு நேரத்தோடு எட்டாது என்பதால், கேட்டுவிட்டுப் பேசும் மரியாதையும் பயனற்றுப் போகிறது. குழு அந்த விதியையே கழற்றி எறிந்தது. இந்த நேரத்துண்டில் நீ பேசு, அடுத்ததில் நான் என்று கடிகார முறையை வைத்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புகை கேட்காமல் மொத்தமாகக் கேட்டார்கள். சாதாரண வைஃபையோடு ஒப்பிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகம் கிடைத்ததை 2007-இல் பதிவு செய்தார்கள். மருத்துவரின் முகம் திரையில் நிலைத்து நின்றது. பேச வேண்டிய முறையை ஒருவர் வகுத்துக் கொடுக்கும் இந்த எண்ணம், பின்னால் வந்த வைஃபை 6-இல் வேறொரு வடிவில் எல்லோருடைய பெட்டிக்குள்ளும் நுழைந்திருக்கிறது. அதனால்தான் கூட்டம் மிகுந்த இடங்களில் அது முன்னதைவிட நன்றாக நடந்துகொள்கிறது.

தேனியில் அந்தக் குழு இன்னொன்றையும் கண்டது. இணைப்பு அறுந்த பல சந்தர்ப்பங்களில் ரேடியோ மீது குற்றம் இல்லை, மின்சாரம்தான் காரணம். கிராமத்து லைனில் மின்னழுத்தம் திடீரென்று எகிறும், தாழும், போய்ப் போய் வரும். பலகைகள் கருகின, நினைவகங்கள் பாதியில் கெட்டன, ரவுட்டர் பாதி உயிரோடு தொங்கியது. பெர்க்கிலியில் உட்கார்ந்து இணைப்பு வழியாகவே பழுது பார்க்கலாம் என்றால், அறுந்தது அந்த இணைப்புத்தானே. எனவே மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாதுகாப்புச் சுற்றுகளைத் தயாரித்தார்கள். பெட்டி செயலிழந்தால் தன்னைத்தானே மறுபடி தொடக்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். பிளக் கழன்றிருப்பதற்கும் ஆண்டெனா திரும்பியிருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டறிய மருத்துவமனையின் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள்.